'கண்டறியப்படவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும்

கேட்டவர் என்ன கேட்டார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மரபணு மாற்றப்பட்ட உணவால் உடம்புக்குக் கெடுதல் என்று இதுவரை யாரும் உறுதியாகக் காட்டவில்லை என்பதை அவர் ஏற்றுக்கொள்கிறார். அதற்கான ஆதாரங்களையும் படித்திருக்கிறார். ஆனாலும் அதைச் சாப்பிடுவது, குறிப்பாகப் பிள்ளைக்குக் கொடுப்பது, தப்பு என்று மனசுக்குப் படுகிறது. அறிவியல் படித்த அண்ணன் இதைக் கேட்டுச் சிரிக்கிறார், மூடநம்பிக்கை என்கிறார். தனக்குத் தோன்றுவது வெறும் அறியாமையா, இல்லை அதில் ஏதாவது நியாயம் இருக்கிறதா என்பதுதான் அவர் கேள்வி.

இப்படிக் கேட்பவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கிற பதில், "பாதுகாப்பானதுதான், பயப்படாதீர்கள்" என்பது. அவர் பாதுகாப்பைப் பற்றிக் கேட்கவே இல்லையே. வயிறு வலிக்குமா என்று கேட்டவருக்கும் இது முறையா என்று கேட்டவருக்கும் ஒரே மாத்திரையை நீட்டுகிறோம். அதனால்தான் இந்த விவாதம் இத்தனை வருஷமாக ஒரே இடத்தில் நிற்கிறது.

நான் பதினான்கு ஆண்டுகள் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். மாதிரியில் மாற்றப்பட்ட மரபணு இருக்கிறதா, இருந்தால் எத்தனை சதவீதம் என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. தாவர உயிரியல் படித்தேன், அறவியல் படிக்கவில்லை. ஆகவே உயிரியல் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் நம்பி எடுத்துக்கொள்ளலாம். நியாயம், அநியாயம் பற்றிச் சொல்வதை, இதோடு நெடுநாள் புழங்கியவனின் அபிப்பிராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூடத்தில் எனக்கு மறக்காத ஒருவர் உண்டு. சிறிய அளவில் மாவு அரைத்துப் பொட்டலம் போடுகிறவர். அவர் கொடுத்த மாதிரியை, மரபணுத் துண்டைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, 'கண்டறியப்படவில்லை. கண்டறியும் எல்லை 0.1 சதவீதம்' என்று அறிக்கை கொடுத்தோம். நல்ல அறிக்கைதான். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நகரவே இல்லை. "சார், இதை 'இல்லை' என்று மாற்றி எழுதித் தர முடியுமா?" என்றார். ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் இந்த முறையில் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆகவே 'இல்லை' என்று எந்தக் கூடமும் கையெழுத்துப் போடாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அப்படியென்றால் ஒரு துளி இருந்தாலும் இருக்கிறதுதானே?" என்றார்.

அன்றைக்கு அவர் பிடிவாதக்காரர் என்று நினைத்தேன். நான் விஷத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன், அவர் தீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார் என்பது புரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று. விஷத்துக்கு அளவு உண்டு. இவ்வளவுக்குக் கீழே போனால் ஒன்றும் செய்யாது என்று சொல்லலாம். தீட்டுக்கு அளவு கிடையாது. பட்டால் பட்டதுதான்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. உளவியலாளர் பால் ரோசினும் அவருடன் வேலை செய்தவர்களும் 1986-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், செத்த கரப்பான் பூச்சி ஒன்றைக் கிருமி நீக்கி, பழச்சாற்றில் ஒரு முக்கு முக்கி எடுத்துவிட்டு, குடிக்கிறீர்களா என்று கேட்டார்கள். கிருமி இல்லை என்று தெரிந்தும் பெரும்பாலோருக்கு அந்தச் சாறு வேண்டாததாகிவிட்டது. சிரிக்கிற அண்ணனிடம் இதைச் செய்து பார்க்கச் சொல்லலாம். அவரும் குடிக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

அதே ரோசின், சிட்னி ஸ்காட், யோயல் இன்பார் மூவரும் 2016-இல் அமெரிக்கர்களிடம் மரபணு மாற்ற உணவைப் பற்றிக் கேட்டார்கள். 64 சதவீதம் பேர் எதிர்த்தார்கள். அது பெரிய செய்தி இல்லை. அந்த எதிர்ப்பாளர்களில் 71 சதவீதம் பேர், ஆபத்து எவ்வளவு சிறியதானாலும் நன்மை எவ்வளவு பெரியதானாலும் இதைத் தடை செய்தே ஆக வேண்டும் என்ற வாசகத்துக்குச் சம்மதம் சொன்னார்கள். அதாவது லாப நஷ்டக் கணக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்படிச் சொன்னவர்களுக்கு, யாரோ ஒருவர் தெரியாமல் அந்த உணவைச் சாப்பிடுவதைக் கற்பனை செய்தாலே அருவருப்பு கூடுதலாக இருந்தது. மாவுக்காரர் கண்முன் வந்து நின்றார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்த ஆய்வை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த ஆண்டே எட்வர்ட் ராய்ஸ்மேனும் சகாக்களும், எதிர்ப்புக்குக் காரணம் அருவருப்பைவிட அச்சம்தான் என்று தரவுகளோடு மறுத்தார்கள். எனக்குப் பழக்கமான முகங்களை நினைத்துப் பார்த்தால் இரண்டும் கலந்துதான் இருந்தது. இவ்வளவு சொல்லலாம்: இந்த எதிர்ப்பில் ஒரு பெரும் பங்கு கணக்குப் போட்டு வந்ததல்ல, ஆகவே கணக்குக் காட்டி அதைக் கரைக்க முடியாது. எது அந்த உணர்ச்சி என்பது இன்னும் வாதத்தில் இருக்கிறது.

அண்ணன் கையில் எடுக்கக்கூடிய ஆய்வு இன்னொன்று. 2019-இல் பிலிப் ஃபெர்ன்பாக் குழு வெளியிட்டது. மிகத் தீவிரமாக எதிர்ப்பவர்களுக்கு விஷயம் மிகக் குறைவாகத் தெரிந்திருந்தது, ஆனால் தங்களுக்கு மிக அதிகமாகத் தெரியும் என்று அவர்கள் நினைத்தார்கள். உண்மைதான், சங்கடமான உண்மை. ஆனால் ஒருவருக்கு உயிரியல் தெரியவில்லை என்பதிலிருந்து அவர் சொல்லும் நியாயம் பொய் என்று வந்துவிடாது. அணுப் பிளவு எப்படி நடக்கிறது என்று தெரியாதவர் அணுகுண்டு தப்பு என்று சொன்னால், முதலில் இயற்பியல் படித்துவிட்டு வா என்றா சொல்வோம்?

சரி, அந்த அருவருப்புக்கு ஏதாவது எடை உண்டா? என் கணக்கில் மிகக் குறைவு. ஏன் என்று சொல்கிறேன். மாணவர்கள் வந்தால் நாங்கள் ஒரு சின்னச் சோதனை செய்து காட்டுவோம். நாலைந்து ஸ்ட்ராபெரிப் பழத்தை ஒரு பையில் போட்டுப் பிசைந்து, உப்பும் பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்த தண்ணீர் ஊற்றி வடிகட்டி, அதன்மேல் குளிர்ந்த ஆல்கஹாலை மெதுவாக ஊற்றினால், இரண்டு திரவமும் சேரும் இடத்தில் வெள்ளையாக நூல் நூலாக ஒன்று மிதந்து வரும். பஞ்சு மாதிரி, கொஞ்சம் சளி மாதிரி. அதுதான் மரபணுக்கள் எழுதப்பட்டிருக்கும் டி.என்.ஏ. ஒவ்வொரு தடவையும் ஒரு மாணவராவது கேட்பார்: "இதையா நாம தினமும் சாப்பிடுறோம்?" ஆமாம், ஒவ்வொரு வேளையும். சாதாரணத் தக்காளியில் மரபணு கிடையாது, மாற்றப்பட்ட தக்காளியில்தான் உண்டு என்ற வாக்கியத்தைச் சரி என்று சொல்கிறவர்கள் பல நாட்டுக் கருத்துக்கணிப்புகளிலும் இருந்துகொண்டே இருக்கிறார்கள்.

அப்புறம், 'மீன் தக்காளி'. 1991-இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று, குளிர்கடலில் வாழும் ஒரு தட்டைமீனின் உறைபனி எதிர்ப்பு மரபணுவைத் தக்காளியில் வைத்து வயலில் சோதித்தது. பலன் தரவில்லை, விற்பனைக்கும் வரவில்லை. ஆனால் அந்தப் படம் மட்டும் மனிதர் மனசிலிருந்து போகவே இல்லை. காரணம், மரபணுவை நாம் ஒரு துண்டுக் குறிப்பாகப் பார்ப்பதில்லை, அந்த உயிரின் சாரமாகவே பார்க்கிறோம். மீனின் மரபணு வந்தால் மீன்தனமும் கூடவே வந்துவிட்டது என்று தோன்றுகிறது. உயிரியலில் அப்படி ஒன்று கிடையாது. குறிப்பிட்ட ஒரு புரதத்தைச் செய்யும் முறை மட்டும்தான் அந்தத் துண்டில் எழுதியிருக்கிறது.

ஆனால் மதம் சார்ந்த, அல்லது புலால் மறுப்பு சார்ந்த உணவு விதி உள்ளவர்களிடம் இதைச் சொல்லி முடித்துவிட முடியாது. பிரிட்டனில் இயற்பியலாளரும் பாதிரியாருமான ஜான் போல்கிங்ஹார்ன் தலைமையில் அமைந்த குழு 1993-இல் இதே கேள்வியோடு மல்லாடியது. விலக்கப்பட்ட விலங்கின் மரபணுவின் நகல் ஒரு செடியில் இருந்தால் அந்தச் செடியும் விலக்கா? முழுத் தடை தேவையில்லை, ஆனால் அதைத் தவிர்க்க விரும்புகிறவர் தவிர்க்க வசதியாக லேபிள் வேண்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு. எனக்கு அது சரியாகவே படுகிறது. ஒருவர் தட்டில் எது விலக்கு என்பதை மூலக்கூறு உயிரியல் தீர்மானிக்க முடியாது.

'இயற்கைக்கு விரோதம்' என்ற வாதத்தைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். காமா கதிர் போன்ற கதிர்களையோ ரசாயனத்தையோ கொண்டு விதையின் மரபணுக்களைக் கண்டபடி உலுக்கி, தேறியதை எடுத்து உருவாக்கிய பயிர் ரகங்கள் உலகில் 3,000-க்கும் மேல் இருக்கின்றன. யாரும் முகம் சுளிப்பதில்லை. நாம் பயிரிடும் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் ஒரு மண் பாக்டீரியாவின் மரபணுக்கள் தாமாகவே வந்து குடியேறியிருப்பதை 2015-இல் கண்டுபிடித்தார்கள். எனவே இயற்கை போட்ட வேலி என்று சொல்லும் வேலி அவ்வளவு உறுதியானது இல்லை. ஆனால் எங்கள் அறிவியல் ஆட்கள் இதை வைத்து அடிக்கும் பதிலடியும் அரைகுறைதான். இயற்கையே செய்கிறது என்பதால் ஒரு காரியம் நல்லதாகிவிடுமா? கொள்ளைநோயையும் இயற்கைதான் செய்கிறது.

இப்போது கேள்வியின் நிஜமான பகுதிக்கு வருகிறேன். கூடத்தில் எங்களைத் திணறடித்த பொருள்கள் சுத்திகரித்த எண்ணெயும் வெள்ளைச் சர்க்கரையும். அமெரிக்காவில் விளையும் சர்க்கரை பீட் ஏறக்குறைய முழுவதும் மரபணு மாற்றப்பட்டதுதான். ஆனால் அதிலிருந்து எடுத்த சர்க்கரையில் டி.என்.ஏ. தங்குவதில்லை என்றே சொல்லலாம். மாற்றப்படாத பீட்டிலிருந்து வந்த சர்க்கரையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என் இயந்திரம் கையை விரித்துவிடும். மூலக்கூறு ஒன்றேதான். அப்படியிருந்தும் ஒருவர் இது வேண்டாம் என்றால் அவர் முட்டாளா?

இல்லை என்பேன். திருடிய சைக்கிளும் காசு கொடுத்து வாங்கிய சைக்கிளும் ஒரே மாதிரிதான் ஓடும். எந்தக் கருவியும் வித்தியாசம் காட்டாது. இருந்தும் வாங்கமாட்டோம். ஒரு பொருள் எந்த வழியாக நம் கைக்கு வந்தது என்பதற்கு மதிப்பு உண்டு என்று நாம் எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். வேடிக்கை என்னவென்றால் சட்டங்களே இதில் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. அமெரிக்காவில் 2022 ஜனவரி 1 முதல் கட்டாயமான லேபிள் விதி, இறுதிப் பொருளில் மாற்றப்பட்ட மரபணு தென்படாவிட்டால் சொல்ல வேண்டியதில்லை என்று வகுக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமோ, எண்ணெயில் ஒன்றும் தென்படாவிட்டாலும் அது எந்தச் செடியிலிருந்து வந்தது என்று சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. ஒன்று பொருளைப் பார்க்கிறது, இன்னொன்று பூர்வீகத்தைப் பார்க்கிறது. அதே ஐரோப்பா, மாற்றப்பட்ட தீவனம் தின்ற மாட்டின் பாலுக்கு லேபிள் கேட்பதில்லை. தற்செயலாகக் கலந்தது ஒவ்வொரு சேர்மானத்திலும் 0.9 சதவீதத்துக்கு மேல் போகாவிட்டாலும் விட்டுவிடுகிறது. அந்த 0.9 எந்த ஆய்வகத்திலும் பிறந்த எண் இல்லை. பேரம் பேசி வந்த எண்.

ஆக, கேள்வியை இப்படித் திருப்பிப் போட்டால் வேலைக்கு ஆகும்: அந்தப் பூர்வீகத்தில் உங்களுக்கு எது உறுத்துகிறது? மரபணுவை ஆய்வகத்தில் மாற்றியதா, இல்லை அதைச் சுற்றி மனிதர்கள் நடந்துகொண்ட விதமா? முதலாவது என்றால், உங்களை நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. 1982 முதல் விற்பனையில் உள்ள இன்சுலின், மனித மரபணுவைப் பாக்டீரியாவில் வைத்துச் செய்தது. வீட்டில் ஒருவருக்கு அதைப் போட நேர்ந்தால் அதே உறுத்தல் வருகிறதா? வராது என்றால், தொழில்நுட்பம் உங்கள் பிரச்சினை இல்லை. பாலாடைக்கட்டி செய்யப் பாலைத் திரிக்கும் நொதியை முன்பு கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்தார்கள். 1990 முதல் மரபணு மாற்றிய நுண்ணுயிரிகள் அதைச் செய்து தருகின்றன. உயிர்க்கொலை பாவம் என்று நினைப்பவருக்கு இங்கே மரபணு மாற்றம்தான் நியாயமான பக்கம்.

இரண்டாவது என்றால், உறுத்தலுக்குத் தக்க காரணங்கள் உண்டு. எனக்கே உண்டு. 2008-இல் சீனாவின் ஹுனான் மாகாணத்தில் பள்ளிக் குழந்தைகளுக்குப் பொன்னரிசி கொடுத்துச் சோதித்தார்கள். உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் உள்ளபடி மரபணு மாற்றப்பட்ட அரிசி அது. அந்த அரிசி நன்றாகவே வேலை செய்கிறது என்ற முடிவு 2012-இல் ஓர் ஆய்விதழில் வெளியாயிற்று. ஆனால் அது மரபணு மாற்றப்பட்டது என்று பெற்றோருக்கு ஒழுங்காகச் சொல்லவே இல்லை. அதிகாரிகள் பதவி இழந்தார்கள். 2015-இல் அந்த இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, எண்கள் பொய் என்பதற்காக அல்ல, முறையான சம்மதமும் அறநெறி அனுமதியும் பெற்றதற்கு ஆதாரம் காட்ட முடியவில்லை என்பதற்காக. அறிவியல் சரியாக இருந்தும் செய்தது அநியாயமாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்.

2000-ஆம் ஆண்டு, ஸ்டார்லிங்க் என்ற மரபணு மாற்றிய மக்காச்சோளம் பற்றியும் சொல்லலாம். கால்நடைத் தீவனம் போன்ற, மனிதர் உண்ணாத பயன்பாட்டுக்கு மட்டும் அனுமதி பெற்றது அது, அமெரிக்காவில் மனிதர் தின்னும் டாக்கோ என்ற மக்காச்சோளப் பண்டத்தில் வந்து சேர்ந்தது. ஒவ்வாமை வந்ததாகச் சொன்னவர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள், மரபணு மாற்றத்தால் அதில் உண்டான புரதத்தால் வந்தது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. சரி, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பிரித்து வைத்திருக்கிறோம் என்று கொடுத்த வாக்கு பொய்த்துப் போயிற்றே. நம்பிக்கை துரோகத்துக்கு மருத்துவச் சான்றிதழ் தேவையில்லை.

விதையின் உரிமையும் அப்படித்தான். 2013-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், காப்புரிமை உள்ள சோயா விதையை வாங்கி விதைத்து, அதில் விளைந்ததை அனுமதி இல்லாமல் மறுபடி விதையாகப் போடுவது உரிமை மீறல் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. விளைந்ததிலிருந்து விதை எடுப்பது உழவு தோன்றிய நாளிலிருந்து இருக்கும் காரியம். அதை உரிமை மீறலாக்குவது நியாயமா என்று கேட்க யாருக்கும் உயிரியல் பட்டம் வேண்டாம். ஆனால் நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மரபணு மாற்றாத ரகங்களுக்கும் காப்புரிமையும் விதைக் கட்டுப்பாடும் உண்டு. மரபணு மாற்றத்தைத் தடை செய்தால் விதை உழவன் கைக்கு வந்துவிடும் என்பது கனவு.

சுற்றுச்சூழல் பற்றியும் இரண்டு வரி. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் 2016-இல் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, இந்த உணவுகள் மற்றவற்றைவிட உடம்புக்கு ஆபத்தானவை என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. அதே அறிக்கை, களைக்கொல்லிக்கு மசியாத களைகள் பெருகியதைப் பெரிய வேளாண் பிரச்சினை என்றும் சொன்னது. முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

மறுப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது, பெரும்பாலும் அதை வேறு யாரோ கொடுக்கிறார்கள். வைட்டமின் ஏ குறைபாட்டால் ஆண்டுக்கு 2.5 லட்சம் முதல் 5 லட்சம் குழந்தைகள் வரை பார்வை இழப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களில் பாதிப் பேர் ஓராண்டுக்குள் இறந்துபோவதாகவும் அது சொன்னது. பொன்னரிசி ஒன்றே அதைத் தீர்த்துவிடும் என்று நான் நம்பவில்லை. மாத்திரை கொடுக்கலாம், காய்கறி கிடைக்கச் செய்யலாம், வழிகள் பல. ஆனால் 2013-இல் பிலிப்பைன்ஸில் சோதனை வயலுக்குள் புகுந்து அந்தப் பயிரைப் பிடுங்கி எறிந்தவர்களோடு என்னால் நிற்க முடியாது. என் தட்டில் வேண்டாம் என்பது என் உரிமை. அடுத்தவர் தட்டிலும் வேண்டாம் என்று சொல்ல, எனக்கு அருவருப்பாக இருக்கிறது என்பதைவிடப் பலமான காரணம் வேண்டும்.

கடைசியாக, பிள்ளை. உங்கள் வீட்டில் எதைச் சமைப்பது என்று தீர்மானிக்க யாருக்கும் நீங்கள் நிரூபணம் காட்ட வேண்டியதில்லை. லேபிள் பார்த்து வாங்குங்கள், தவிர்க்க முடிந்ததைத் தவிருங்கள். ஆனால் பிள்ளையிடம் காரணம் சொல்லும்போது 'விஷம்' என்ற சொல்லை மட்டும் பயன்படுத்தாதீர்கள். என் அண்ணன் வீட்டில் அப்படிச் சொல்லிப் பழக்கியிருந்தார்கள். ஏழு வயது மகள் ஒருநாள், பள்ளியில் தோழி கொடுத்த பிஸ்கட்டைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு வந்து, "சித்தப்பா, இதை உங்க மெஷின்ல போட்டுப் பார்த்துச் சொல்லுங்க" என்றாள். பார்க்கலாம் என்று வாங்கி வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து பென்சில் டப்பாவைத் திறந்து, அந்தத் தோழியிடம் இரவல் வாங்கிய பென்சிலையும் நீட்டினாள். அதிலும் இருக்குமா என்று கேட்டாள். பிஸ்கட்டை அவள் எதிரிலேயே நான் தின்றுவிட்டேன். பென்சிலுக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை.